ஆத்தா கேட்ட சிரிப்புப் படம்

கீற்றுக் கொட்டகையில், பின்னால் இருப்பவர்கள் திட்டத் திட்ட, மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல வேண்டும். எனக்கு அவ்வளவாகப் பேச்சு வராது. எழுத்தும் பள்ளிக்கூடத்தோடு சரி. உங்களுக்கென்றால் பாதி சொன்னால் போதும், மீதியை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

போன மாதம் தஞ்சாவூரில் ஒரு சிரிப்புப் படத்துக்குத் தங்கை என்னை அழைத்துப் போனாள். ஏசி தியேட்டர், சாய்ந்துகொள்ளும் நாற்காலி. அவள் சிரித்தால் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அன்றும் பார்த்தார்கள், பார்த்துவிட்டு அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மகளுக்குக் கல்யாணம் செய்துவிட்டேன். இருந்தும் வயிற்றுக்குள் ஓர் எரிச்சல். இவளுக்கு மட்டும் எப்படி இப்படிச் சிரிப்பு வருகிறது? இவள் சிரித்தால் மட்டும் ஏன் எல்லோருக்கும் பிடிக்கிறது? புது எரிச்சல் இல்லை இது. எனக்குப் பதினொரு வயதும் அவளுக்கு எட்டு வயதுமாக இருந்த ஒரு கோடையில் தொடங்கியது.

பங்குனி மாதம். உளுந்து எடுத்து முடிந்து வயலெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வாய்க்காலில் தண்ணீர் இல்லாததால் அதுவே எங்களுக்குப் பாதை. அதன் வழியாக ஒரு மைல் நடந்து மன்னார்குடி சாலையில் ஏறினால் கொட்டகை. படம் ஓட்ட ஒரே மிஷின் என்பதால் படத்துக்கு நாலு இடைவேளை. ஒவ்வொரு இடைவேளைக்கும் முறுக்குத் தட்டும் சோடா பாட்டில்களும் உள்ளே வரும். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர். சாயங்காலம் ஒலிபெருக்கிக் குழாயில் சாமிப் பாட்டுப் போட்டால் டிக்கெட் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். அந்தப் பாட்டு எங்கள் வீட்டு வாசல்வரை கேட்கும்.

அந்த வெள்ளிக்கிழமை புதுப்படம் வந்திருந்தது. ஒரு வாடகை வீட்டில் ஒருவன் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் ஆடு வளர்க்கிறான், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். விளம்பரத் தட்டி கட்டிய மாட்டு வண்டி ஊருக்குள் வந்தபோது, சுவரொட்டியில் அந்த ஆடு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூட்டிப் போவதாக அப்பா சொல்லிவிட்டார். அப்பா அப்படிச் சொல்வது வருஷத்துக்கு ஒருமுறை.

சனிக்கிழமை காலை தங்கை எழுந்திருக்கவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. பாவாடையை விலக்கிப் பார்த்த அம்மா இரண்டு கையாலும் தன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா வந்துட்டா."

அதற்குப் பிறகு எங்கள் வீடு வேறு வீடாகிவிட்டது. நிலைப்படியில் வேப்பங்கொத்து. அடுப்பில் தாளிதம் கிடையாது, தலைக்கு எண்ணெய் கிடையாது, வெளியாட்கள் உள்ளே வருவது கிடையாது. மூன்று தண்ணீர் ஊற்றி ஆத்தா இறங்கும்வரை வீட்டார் எங்கும் உல்லாசமாகப் போகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைப் படம் இல்லை என்று யாரும் என்னிடம் சொல்லக்கூட இல்லை. அது தானாகவே இல்லாமல் போயிற்று.

எனக்குக் கைக்குழந்தையிலேயே அம்மை போட்டு இறங்கிவிட்டதாம். ஆகவே தங்கை பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலையால் விசிறும் வேலை எனக்கு. அவளை நேற்றுவரை 'டீ' போட்டுக் கூப்பிட்ட அம்மா, "தாயி, கொஞ்சம் எளநி குடிக்கிறியா?" என்று கேட்டாள். எது கேட்டாலும் தலையில் குட்டும் அப்பா, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்று, "வேற என்ன வேணும், சொல்லு தாயி" என்றார். அவள் நுங்கு கேட்டாள், வந்தது. வெள்ளரிப்பிஞ்சு கேட்டாள், வந்தது. சிவப்புக் கண்ணாடி வளையல் கேட்டாள். அப்பா வேகாத வெயிலில் சைக்கிள் மிதித்து மன்னார்குடி போய் வாங்கி வந்தார். நோயாளி கேட்டால் மறுக்கலாம். ஆத்தா கேட்டால் மறுக்க முடியுமா?

ஆத்தா என் உடம்பிலும் இருந்திருக்கிறாள். ஆனால் அப்போது எனக்கு எதுவும் கேட்கத் தெரியவில்லை. பாலைத்தான் கேட்டு அழுதிருப்பேன். இதை நினைக்க நினைக்க எனக்கு ஆற்றாமையாக இருந்தது. கை வலிக்க விசிறிக்கொண்டே அந்த வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குழாய்ப் பாட்டுக் கேட்டபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அம்மா கொல்லைப்பக்கம் போன நேரமாகப் பார்த்து அவள் காதருகே குனிந்தேன்.

"படம் வேணும்னு கேளு."

"நான் எப்படிக்கா போறது?"

"நீ போக வேணாம். நான் போய்ப் பாத்துட்டு வந்து உனக்குச் சொல்றேன்."

அவள் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். "சரி" என்றாள்.

விளக்கு வைத்ததும் கேட்டாள். "எனக்குக் கொட்டகைப் படம் வேணும்."

அம்மா பதறிவிட்டாள். அப்பா பக்கத்து வீட்டிலிருந்து பெரியப்பாவை அழைத்து வந்தார். பெரியப்பா மாரியம்மன் கோயில் பூசாரியையும் கூட்டிக்கொண்டு வந்தார். நால்வரும் கதவுக்கு வெளியே நின்று பேசியது எனக்கு நன்றாகக் கேட்டது.

"சாமிப் படம்னாக்கூடப் பரவால்ல. இது சிரிப்புப் படம்ங்கிறாங்க. ஆத்தாவுக்கு எதுக்குய்யா சிரிப்புப் படம்?" என்றார் பெரியப்பா.

"ஏன்? வருசம் பூரா ஆளாளுக்கு அவ முன்னாடி வந்து அழுதுட்டுத்தானே போறீங்க? அவளுக்கு ஒருநா சிரிக்கணும்னு இருக்காதா?" என்றார் பூசாரி.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"முத்துப் போட்ட உடம்பு கூட்டத்துல போவக் கூடாது. வயசுக்கு வராத பொண்ணு ஒண்ணு தலைக்கு ஊத்திக்கிட்டு, கையில வேப்பங்கொத்தோட போவட்டும். படத்தைப் பாத்துட்டு, விடிஞ்சதும் மறுபடி குளிச்சிட்டு வந்து ஆத்தா காதுல கதையைப் போடட்டும்" என்று பூசாரி முடிவு சொன்னார்.

"யாரை அனுப்புறது?" என்றாள் அம்மா.

"அதையும் அவகிட்டயே கேளுங்க."

நான் விசிறுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அம்மா கைகூப்பிக் கேட்டாள். தங்கை என்னைப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"பெரியப்பா வீட்டு அக்கா."

எல்லோரும் போன பிறகு, வாயில் வந்த 'டீ'யை விழுங்கிக்கொண்டு கேட்டேன். "நான் சொல்லிக் குடுத்ததுக்கு நீ ஏன் அவளைச் சொன்ன?"

"நீ போயிட்டா யாரு விசிறுறது? அரிக்குதுல்ல."

"அம்மா விசிற மாட்டாங்களா?"

"அம்மா தூங்கிடுவா. நீதான் தூங்க மாட்ட." வளையலைத் தள்ளிவிட்டுக்கொண்டே, "அப்புறம், நீ கதை சொன்னா சிரிப்பே வராதுக்கா" என்றாள்.

இதைப் பிற்காலத்தில் ஒருவரிடம் சொன்னபோது, உன்மேல் அவளுக்கு எவ்வளவு பிரியம் பார் என்றார். இருக்கலாம். ஆனால் அந்தப் பிரியம் எனக்கு அன்று வேண்டியிருக்கவில்லை. அவள் என்னை வெறுத்துப் படத்துக்கு அனுப்பியிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பேன்.

திங்கட்கிழமை பெரியப்பா மகள் கிளம்பினாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள், வாயாடி. அவளிடம் நல்ல பாவாடை துவைத்ததாக இல்லையென்று, பொங்கலுக்கு எடுத்த என் பச்சைப் பாவாடையை அம்மா பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். என்னிடம் கேட்கவில்லை. பெரியப்பா சைக்கிளின் பின்னால் வேப்பங்கொத்தோடு அவள் உட்கார்ந்து போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொட்டகையில் டிக்கெட் கிழிப்பவர் எழுந்து நின்று வழிவிட்டாராம். பெண்கள் பக்கத்தில் எல்லோரும் நகர்ந்து திரைக்கு நேராக நல்ல இடம் கொடுத்தார்களாம். சிலர் குழந்தைகளைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்து எடுத்துப் போனார்களாம். அவள் உடம்பிலும் அப்போதே அம்மை ஊறிக்கொண்டிருந்தது. இது ஒட்டுவாரொட்டி என்று யாருக்கும் தெரியாமலில்லை. ஆனால் ஆத்தா அனுப்பிய பெண்ணால் கெடுதல் வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் குழந்தைகளை இப்போது நினைத்தால் எனக்குப் பகீரென்கிறது.

மறுநாள் காலை ஈரத் தலையோடு வந்து அவள் கதை சொன்னாள். வீட்டுக்காரர் சுத்த சைவம். ஆடு கத்தும்போதெல்லாம் சத்தம் தெரியாமலிருக்கக் கதாநாயகன் பலமாக இருமுவான். இருமல் நிற்காததைக் கண்டு பயந்துபோன வீட்டுக்காரர் வைத்தியரை அழைத்து வருவார். வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, ஆட்டுப்பால் குடித்தால் சரியாகும் என்பார். பாவம், வீட்டுக்காரரே சொம்பை எடுத்துக்கொண்டு ஆடு தேடித் தெருத் தெருவாக அலைவார்.

பெரியப்பா மகள் ஆடாகக் கத்தினாள், கதாநாயகனாக இருமினாள், வைத்தியராகக் கண்ணை மூடினாள். தங்கை முத்துகளெல்லாம் குலுங்கச் சிரித்தாள். "இன்னொரு தடவ இருமு, இன்னொரு தடவ" என்றாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாசற்படியில் நின்ற அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றார், முதுகு குலுங்கியது. "ஆத்தா சிரிக்கிறா" என்று பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் ஒருத்திதான் சிரிக்கவில்லை. சிரித்தால் தோற்றுவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"கடைசில ஆடு என்ன ஆச்சு?" என்றாள் தங்கை.

பெரியப்பா மகள் விழித்தாள். வேப்பங்கொத்து வைத்திருக்கும் பெண்ணின்மேல் கூட்டம் இடிக்கக் கூடாதென்று, கடைசி ரீல் ஓடும்போதே பெரியப்பா அவளை வெளியே அழைத்து வந்துவிட்டார்.

"போ. திரும்பப் போய்ப் பாத்துட்டு வா" என்றாள் தங்கை.

ஆனால் அவளால் போக முடியவில்லை. அன்று மாலையே அவளுக்கும் காய்ச்சல், மறுநாள் முத்து. பக்கத்து வீட்டு வாசலிலும் வேப்பங்கொத்துத் தொங்கியது. அவளையும் எல்லோரும் "தாயி" என்றார்கள். அவளும் வளையல் கேட்டாள். என்னைச் சுற்றி இரண்டு ஆத்தாக்கள், நடுவில் நான் மட்டும் நானாகவே இருந்தேன்.

"வேற ஆளு இல்ல, நீ போ" என்றாள் அம்மா. நான் தேர்ந்தெடுக்கப்பட்டது இப்படித்தான். பச்சைப் பாவாடை பெரியப்பா வீட்டில் இருந்ததால் பள்ளிக்கூடப் பாவாடையோடு போனேன்.

அப்பாவுக்குப் படம் பார்க்கப் பொறுமை கிடையாது. என்னைப் பெண்கள் பக்கம் உட்கார வைத்துவிட்டு எதிரே டீக்கடையில் காத்திருந்தார். மணல் இன்னும் பகல் சூட்டோடு இருந்தது. முறுக்கு வாசனை, பீடிப் புகை, பின்னால் மிஷினின் கடகட சத்தம். திரையில் ஆடு வந்ததும் எனக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. அன்று பல்லைக் கடித்து வைத்திருந்த சிரிப்பெல்லாம் வெளியே வந்தது. பக்கத்திலிருந்த அம்மாள், "மெள்ளச் சிரி பாப்பா, பொரையேறப் போவுது" என்று முதுகைத் தட்டிவிட்டார்.

கடைசிக் காட்சியைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரிந்துவிடும். விரட்டப் போகிறார் என்று நாம் பயப்படும்போது, ஆடு அவர் வேட்டி நுனியைக் கவ்விக்கொண்டு நிற்கும். அவர் குனிந்து அதன் கழுத்தைத் தடவுவார். அந்த நேரம் அவருடைய சம்பந்தி, அவரும் சுத்த சைவம், வாசலில் வந்து நிற்பார். உள்ளே ஆடு கத்தும். உடனே வீட்டுக்காரர் லொக்கு லொக்கென்று இருமுவார். கொட்டகையே கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரித்தது. அதோடு சுபம்.

வழியெல்லாம் அந்த இருமலை எனக்குள் இருமிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வாழ்க்கையில் முதன்முறையாக என்னிடம் ஒரு கதை இருந்தது. பெரியப்பா மகளைவிட நன்றாகச் சொல்லிக் காட்ட வேண்டும்.

காலையில் குளித்துவிட்டு வந்து நின்றேன். அம்மா, அப்பா, பெரியம்மா எல்லோரும் இருந்தார்கள். "ஒரு ஊர்ல ஒரு வீட்டுக்காரரு" என்று ஆரம்பித்து, ஆடு கத்தி, இருமினேன். வெறும் இருமலாகத்தான் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. பெரியம்மா, "சளி புடிச்சிருக்கா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியும்க்கா," என்றாள் தங்கை. "உனக்குச் சொல்ல வராது. கடைசில ஆடு என்ன ஆச்சு, அத மட்டும் சொல்லு."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"வெட்டிட்டாங்க" என்றேன்.

அவள் முகம் மாறியதை இப்போதும் பார்க்கிறேன். முதலில் நம்பவில்லை. பிறகு உதடு பிதுங்கியது. சத்தமே இல்லாமல் அழுதாள். இளநீரைத் தட்டிவிட்டாள். மத்தியானம் காய்ச்சல் ஏறியது. அம்மா அலறினாள், பூசாரி வந்தார், பெரியப்பா வந்தார்.

"ஆட்டை வெட்டுனாங்கன்னு கேட்டதும் அழுதாளா?" என்று இரண்டு தடவை கேட்டார் பூசாரி. கண்ணை மூடித் திறந்தார். "கெடா கேக்குறா."

"அழுததுக்கு அதா அர்த்தம்?" என்றார் அப்பா.

"பின்ன? எனக்குக் கெடா வெட்டுங்கன்னு நேரா வாயத் தொறந்து கேப்பாளா?"

பெரியப்பா சந்தேகமாகத் தலையைச் சொறிந்தார். "அந்தப் படத்துல ஆடு சாகலன்னு டீக்கடையில பேசிக்கிட்டாங்களே?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"படத்துல சாகல. ஆனா இது வெட்டுனாங்கன்னு சொல்லியிருக்கு. வாயே தொறக்காத புள்ள இது, பொய் சொல்லுமா? இத யாரு சொல்ல வச்சது?" என்றார் பூசாரி. பிறகு மெல்லச் சொன்னார், "இது வாயில வந்தது இது பேச்சு இல்ல. அவ பேச்சு."

அம்மா என்னை ஒருமாதிரி பார்த்தாள். தங்கையைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. திருநீற்றை எடுத்து என் நெற்றியில் பூசிவிட்டு, "தாயி" என்றாள்.

அப்போது நான் சொல்லியிருக்கலாம். பொய் சொன்னேன், ஆடு நன்றாக இருக்கிறது, வீட்டுக்காரர் இருமினார் என்று. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அம்மாவின் கை இன்னும் என் நெற்றியில் இருந்தது. அந்தக் கை அங்கேயே இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு வீட்டுப் பெண்களுக்கும் மூன்றாம் தண்ணீர் ஊற்றி முடிந்தது. வெயிலில் வைத்துச் சூடேற்றிய, வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீர். வேப்பங்கொத்துகளை அவிழ்த்து வாய்க்காலில் போட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் படையல். வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்த ராமநாதபுரத்துக் கீதாரியிடம் அப்பா ஒரு கருப்புக் கிடா வாங்கி வந்தார். கழுத்தில் மாலை போட்டுக் கோயில் வேம்பில் கட்டியிருந்தார்கள். அது மாலையையே தின்றுகொண்டிருந்தது.

தங்கை அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நானும் போனேன்.

"இதையும் வெட்டுவாங்களாக்கா? படத்துல மாதிரி?"

மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு பூசாரி வந்துகொண்டிருந்தார். நான் அவள் காதில் சொன்னேன். "படத்துல வெட்டலடி. நான் பொய் சொன்னேன். அந்த வீட்டுக்காரரே ஆட்டை வச்சுக்கிட்டாரு."

அவள் என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. எழுந்து நின்று, தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஆட்டை விடுங்க! எனக்கு ஆடு வேணாம்! அவுத்து விடுங்க!"

பத்து நாளைக்கு முன்னால் அவள் முணுமுணுத்திருந்தாலே ஊர் நின்றிருக்கும். அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சும்மா கெடடி. தண்ணி ஊத்தி ஆத்தா எறங்கியாச்சு."

பூசாரி கிடாவின் முதுகில் தண்ணீரை ஊற்றினார். அது உடம்பைச் சிலுப்பியது. உத்தரவு கிடைத்துவிட்டதென்று எல்லோரும் குலவை இட்டார்கள்.

மத்தியானம் மரத்தடியில் பந்தி. பதினைந்து நாளைக்குப் பிறகு தாளித்த வாசனை. தங்கை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இலையைத் தொடவில்லை. என் பொய்யைப் பற்றி அவள் அன்றும் யாரிடமும் சொல்லவில்லை, இன்றுவரையும் சொல்லவில்லை. பரிமாறிக்கொண்டு வந்த அம்மா குனிந்து அவள் கன்னத்தைத் தடவினாள். பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்து, "பாருங்கக்கா, கறிய ஒரு வாய் தொடல. அது மனசு யாருக்கு வரும்?" என்றாள்.

பெரியம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்னை யாரும் பார்க்கவில்லை. நான் கையை நீட்டி, தங்கையின் இலையிலிருந்த துண்டுகளையும் எடுத்து என் இலையில் போட்டுக்கொண்டு, ஒன்று விடாமல் தின்றேன்.